எக்ஸ் என்ற எழுத்தை நம்பி அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டாம்

ஒருவர் அனுப்பிய கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "வட அமெரிக்கப் பழங்குடியினரிடம் எக்ஸ் என்ற தாய்வழி டிஎன்ஏ இருக்கிறதாம். அதே எக்ஸ் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் இருக்கிறது, சீனாவிலோ ஜப்பானிலோ இல்லை. அப்படியென்றால் பனியுகத்திலேயே ஐரோப்பியர்கள் படகேறிப் போய் அமெரிக்காவில் குடியேறிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? ஒரு காணொளியில் அப்படித்தான் அடித்துச் சொல்கிறார்கள்." கூடவே ஒரு துணைக் கேள்வி: எச்சில் கொடுத்துச் செய்கிற பரிசோதனையில் ஒருவருக்கு எக்ஸ் என்று வந்தால், அவருக்குச் செவ்விந்திய மூதாதை இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

இரண்டுக்கும் என் பதில் "இல்லை" என்பதுதான். ஆனால் இந்த "இல்லை" எப்படி வந்தது என்பது சுவாரசியமான கதை. 90களின் கடைசியில் இந்தச் சந்தேகம் நியாயமானதாகத்தான் இருந்தது, பெரிய ஆட்களே அதன் பின்னால் போனார்கள். அதனால் கேட்டவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. (செவ்விந்தியர் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடலாம். கொலம்பஸ் ஊரை மாற்றிப் புரிந்துகொண்ட தவறு பாதி, தோல் நிறம் பார்த்துப் பெயர் வைத்த தவறு மீதி. அமெரிக்கப் பழங்குடியினர் என்றால் போதும். அதைவிட நல்லது ஓஜிப்வே, நவஹோ, யாக்கமா என்று அவரவர் பெயரைச் சொல்வது.)

முதலில் தாய்வழி டிஎன்ஏ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், இது புரியாமல் மேலே போனால் எல்லாம் குழம்பும். நம் உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன, அவற்றுக்குத் தனியாக ஒரு டிஎன்ஏ உண்டு, வளையம் மாதிரி மூடியது, மொத்தம் 16,569 எழுத்துகள். உட்கருவில் இருக்கிற 300 கோடி எழுத்துகளோடு ஒப்பிட்டால் இது துண்டுச் சீட்டு. ஆனால் இந்தச் சீட்டு அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். அப்பாவின் விந்தணுவில் இருக்கிற மைட்டோகாண்ட்ரியா கருமுட்டைக்குள் போனதும் அழிக்கப்பட்டுவிடும். உங்களுடையது உங்கள் அம்மாவுடையது, அவருடையது அம்மாச்சியுடையது, அப்படியே போய்க்கொண்டே இருக்கும். எப்போதாவது ஒரு எழுத்து மாறும். மாறியது மாறியதுதான், அந்தப் பெண்ணின் வழியில் வருகிற எல்லாரும் அந்த மாற்றத்தைச் சுமப்பார்கள். இன்னொரு வசதி, ஒரு உயிரணுவில் உட்கரு டிஎன்ஏ இரண்டு பிரதிதான், மைட்டோகாண்ட்ரியாவுடையது நூற்றுக்கணக்கில், சிலசமயம் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டு மண்ணில் கிடந்த எலும்பில் எல்லாம் சிதைந்துபோனாலும் இது கொஞ்சமாவது மிஞ்சும், அதனால்தான் பழைய எலும்பு ஆராய்ச்சி எல்லாம் முதலில் இதிலிருந்தே தொடங்கியது.

இது ஒரே ஒரு இழையைத்தான் காட்டும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள் இருக்கின்றன, மைட்டோகாண்ட்ரியா பேசுவது அதில் ஒரே ஒரு பெண்ணைப் பற்றி. மீதி 1,023 பேர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று அதற்குத் தெரியாது. ஒரு பெண்ணுக்குப் பிள்ளைகள் எல்லாம் ஆணாகப் பிறந்துவிட்டால் அவளுடைய இழை அங்கேயே அறுந்துவிடும், பேரன் பேத்திகள் இருபது பேர் இருந்தாலும்.

சரி, எழுத்துகளுக்கு வருவோம். 90களின் தொடக்கத்தில் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் வாலஸ் குழுவினர் அமெரிக்கப் பழங்குடியினரின் தாய்வழி டிஎன்ஏவை வகைப்படுத்தினார்கள், நான்கு கொத்தாகப் பிரிந்தது, ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்தார்கள். உலகத்தில் முதலில் எழுத்து கிடைத்தது அவர்களுக்குத்தான், ஐரோப்பியர்களுக்கு எச், ஐ, ஜே, கே என்று அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ஐரோப்பிய வரிசை நீண்டுகொண்டே போய் டபிள்யூ தாண்டி எக்ஸில் நின்றது. ஆக எக்ஸ் என்பதில் மர்மம் எதுவும் இல்லை, வரிசையில் அடுத்து வந்த எழுத்து, அவ்வளவுதான். கணிதத்தில் தெரியாததற்கு எக்ஸ் போட்டுப் பழகிய நமக்கு அதைப் பார்த்ததும் ஒரு கிளுகிளுப்பு வருகிறது. காணொளி செய்கிறவர்களுக்கு அது வசதியாகிவிட்டது.

நான்கு கொத்துக்குள் அடங்காத சில பேர் மகா ஏரிகள் பகுதியில் வாழும் ஓஜிப்வே மக்களிடம் கிடைத்தார்கள். பார்த்தால் அந்த ஐரோப்பிய எக்ஸின் சாயல். முதலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பக்கம் தோல் வியாபாரம் செய்த காலத்திலிருந்தே கலப்பு நடந்திருக்கிறது, அப்படி வந்திருக்கும் என்று விட்டார்கள். ஆனால் நிதானமாக எழுத்து எழுத்தாகப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. ஐரோப்பிய எக்ஸில் இல்லாத மாற்றங்கள் ஓஜிப்வேக்களிடம் இருந்தன, அவர்களுக்குள்ளேயே கிளைவிட்டுமிருந்தன. கிளைவிட ஆயிரக்கணக்கான ஆண்டு வேண்டும், முந்நூறு நானூறு ஆண்டில் நடக்கிற காரியம் இல்லை. 1998ல் வாலஸ் குழுவினரே இதைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டார்கள், தலைப்பிலேயே ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் ஒரு பழைய தொடர்பா என்று கேள்விக்குறி போட்டு. அந்தக் கேள்விக்குறிதான் இத்தனை ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்கு அந்த அமெரிக்கக் கிளைக்கு எக்ஸ்2ஏ என்று பெயர். இந்தப் பெயரை எப்படிப் படிப்பது? நம் ஊரில் பட்டாவில் சர்வே எண் போடுவது மாதிரிதான். 112 என்பது மொத்த நிலம், பிரித்தால் 112/1, 112/2, அதைப் பிரித்தால் 112/2ஏ, 112/2பி, இன்னும் பிரித்தால் 112/2ஏ1. எக்ஸ், எக்ஸ்2, எக்ஸ்2ஏ, எக்ஸ்2ஏ1 என்பதும் அப்படியே. 2ஏயும் 2பியும் ஒரே நிலத்திலிருந்து பிரிந்தவை என்றுதான் பட்டா சொல்கிறது, 2பிக்காரர் 2ஏக்காரருக்குத் தாத்தா என்று சொல்லவில்லை. எக்ஸ்2பி, எக்ஸ்2சி எல்லாம் ஐரோப்பாவில் கிடைப்பவை. எக்ஸ்2ஏ அங்கே பூர்வீகமாக இல்லை. இரண்டும் இருபதாயிரம் ஆண்டு அளவில் பின்னால் போனால் ஒரு பொதுப் பாட்டியிடம் சேரும், அந்தப் பாட்டி எங்கே இருந்தாள் என்பதுதான் விவாதம்.

எக்ஸ்2ஏ எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால், வட அமெரிக்கப் பழங்குடியினர் எல்லாரையும் சேர்த்து எடுத்தால் மூன்று சதவீதம் போல. ஆனால் சமமாகப் பரவவில்லை. ஓஜிப்வே போன்ற அல்கொங்கிய மொழி பேசுகிறவர்களிடம் சில இடங்களில் 25 சதவீதம் வரை போகிறது. சூ மக்களிடம் 15 சதவீதம் போல, வான்கூவர் தீவின் நூ-சா-நுல்த் மக்களிடம் 11 முதல் 13, நவஹோக்களிடம் 7, வாஷிங்டன் மாநிலத்து யாக்கமாக்களிடம் 5. மெக்சிகோவைத் தாண்டித் தெற்கே போனால் கிடையாது.

இப்போது படகு கதை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் டென்னிஸ் ஸ்டான்ஃபோர்டும் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் பிராட்லியும் கல்லாயுத நிபுணர்கள், அதிலும் பிராட்லி கல்லைக் கையால் உடைத்துச் செதுக்குவதில் கெட்டிக்காரர். பிரான்சிலும் ஸ்பெயினிலும் பனியுகத்தின் உச்சத்தில் சொலூத்ரியன் என்று ஒரு பண்பாடு இருந்தது, அவர்கள் செய்த இலை வடிவ ஈட்டிமுனைகள் மெல்லியவை, அழகானவை. அமெரிக்காவின் குளோவிஸ் என்ற பழைய பண்பாட்டின் ஈட்டிமுனைகளை அவற்றோடு வைத்துப் பார்த்த இவர்கள், செதுக்குகிற முறை ஒன்றுதான், ஆகவே சொலூத்ரியன் ஆட்கள் வட அட்லாண்டிக்கின் பனி விளிம்பு ஓரமாகவே சீல் வேட்டையாடிக்கொண்டு தோல் படகில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள் என்றார்கள். கல்லை வைத்துப் பிறந்த யோசனைக்கு டிஎன்ஏவில் ஒரு துணை வேண்டியிருந்தது, எக்ஸ்2ஏ கைக்கு வந்தது. அது பிறகு போன இடம்தான் அசிங்கம்: "அமெரிக்காவுக்கு முதலில் வந்தது வெள்ளைக்காரன், பழங்குடியினர் பிறகு வந்து பிடுங்கிக்கொண்டார்கள்" என்று வெள்ளை இனவாதக் கும்பல்கள் இதைத் தூக்கிக்கொண்டு ஓடின. அந்த இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது அதுவல்ல, ஆனால் யோசனை வெளியே போன பிறகு யார் கையில் நிற்கும்?

ஏன் அது நிற்கவில்லை என்றால், முதலில் காலக் கணக்கே உதைக்கிறது. சொலூத்ரியன் 17,000 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது, குளோவிஸ் 13,000 ஆண்டுகளுக்கு முன்தான் தொடங்குகிறது. நடுவில் நாலாயிரம் ஆண்டு. ஒரு கைத்தொழில் முறை நாலாயிரம் ஆண்டு எங்கேயோ ஒளிந்திருந்து அப்படியே வெளியே வந்தது என்பதை நம்புவதைவிட, கல்லை நன்றாகச் செதுக்கத் தெரிந்த இரண்டு கூட்டம் தனித்தனியாக ஒரே உத்தியைக் கண்டுபிடித்தது என்பதை நம்புவது எளிது.

எனக்கு இதைவிட வலுவாகப் படுவது ஐரோப்பிய எலும்புகள் சொல்கிற சாட்சி. பனியுக ஐரோப்பாவின் வேட்டைக்காரர்களுடைய எலும்புகளிலிருந்து நிறைய டிஎன்ஏ எடுத்துவிட்டார்கள், தாய்வழியில் பெரும்பாலும் யூ, அதற்கும் முந்தைய காலத்தில் கொஞ்சம் எம். எக்ஸ் அங்கே வருவது எப்போது தெரியுமா? துருக்கிப் பக்கத்திலிருந்து விவசாயிகள் விதையும் ஆடும் எடுத்துக்கொண்டு கிளம்பி ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது, அதாவது சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு. ஐரோப்பாவுக்கே எக்ஸ் பிந்தி வந்த விருந்தாளி. சொலூத்ரியன் காலத்தில் ஸ்பெயினில் கிடைக்காத ஒன்றைச் சொலூத்ரியன்காரர்கள் எப்படிப் படகில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள்? 2023ல் தெற்கு ஸ்பெயினின் ஒரு குகையில் கிடைத்த 23,000 ஆண்டுப் பழைய மனிதரின் மரபணுத் தொகுதியே வெளியானது, அவருடைய உறவு எல்லாம் அவருக்கு முன்னும் பின்னும் மேற்கு ஐரோப்பாவில் வாழ்ந்த வேட்டைக்காரர்களோடுதான்.

அப்படியானால் சைபீரியாவில் எக்ஸ்2ஏ இருக்க வேண்டுமே, இல்லையே என்று கேட்பார்கள். இது நல்ல கேள்விதான். 2001ல் அல்தாய் மலைப் பகுதியில் எக்ஸ் கிடைத்ததும் விடை கிடைத்துவிட்டது என்று கொஞ்ச நாள் கொண்டாடினார்கள், பிறகு பார்த்தால் அது எக்ஸ்2ஈ, காகசஸ் பக்கத்திலிருந்து பிற்காலத்தில் வந்தது, அமெரிக்கக் கிளையோடு நேரடி ஒட்டு உறவு இல்லை. இதைப் படகுக் கட்சி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறது. ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுகிற விஷயம், ஏ2, பி2, சி1பி, சி1சி, சி1டி, டி1 என்ற மற்ற அமெரிக்கக் கிளைகளும் அதே வடிவில் ஆசியாவின் உள்நாட்டில் இல்லை! அங்கே இருப்பது அவற்றின் ஒன்றுவிட்ட சகோதரிகள். ஏன் என்றால், ஆசியாவிலிருந்து கிளம்பிய கூட்டம் பெரிங்கியா என்ற இடத்தில், அதாவது இன்று சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே கடலுக்குள் மூழ்கிக் கிடக்கிற நிலத்திலோ அதன் பக்கத்திலோ, சில ஆயிரம் ஆண்டு தனியாக அடைபட்டு இருந்தது. அந்தக் காலத்தில் அவர்களுக்குள் புதிய மாற்றங்கள் சேர்ந்தன, பிறகு பனி விலகியதும் தெற்கே இறங்கிப் பரவினார்கள். சுமார் 16,000 ஆண்டுகளுக்கு முன்பு எல்லாக் கிளைகளும் ஒரே சமயத்தில் சடசடவென்று வெடித்துப் பரவுவது தாய்வழி வம்ச மரத்தைப் பார்த்தாலே தெரியும். எக்ஸ்2ஏயின் வயதும் அந்த அளவில்தான் வருகிறது. ஆக ஏ2 ஆசியாவின் உள்நாட்டில் இல்லாததை யாரும் அட்லாண்டிக்கோடு முடிச்சுப்போடவில்லை, எக்ஸ்2ஏவுக்கு மட்டும் தனிச் சட்டமா?

இன்னொரு துண்டும் இருக்கிறது. பைக்கால் ஏரிப் பக்கம் மால்டா என்ற இடத்தில் 24,000 ஆண்டுகளுக்கு முன் புதைத்த ஒரு சின்னப் பையன், மூன்று நான்கு வயது இருக்கும், அவனுடைய மரபணுத் தொகுதி 2013ல் வெளியானது. பார்த்தால் அவன் ஒரு பக்கம் மேற்கு யூரேசிய மக்களுக்கு உறவு, இன்னொரு பக்கம் அமெரிக்கப் பழங்குடியினருக்கு உறவு, கிழக்கு ஆசியர்களுக்கு அவ்வளவு நெருக்கம் இல்லை. பழங்குடியினரின் மரபுப் பங்கில் 14 முதல் 38 சதவீதம் இவனைப் போன்றவர்களிடமிருந்து வந்தது என்று கணக்கிட்டார்கள். அதாவது மேற்கு யூரேசிய உறவு கொண்ட ஆட்கள் பனியுகத்தில் சைபீரியாவின் நடுவிலேயே இருந்திருக்கிறார்கள், அமெரிக்காவுக்குப் போனவர்களோடு கலந்திருக்கிறார்கள். எக்ஸ்2 என்ற கிளை மேற்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போக வேண்டுமென்றால் நடந்தே போகலாம், கடல் தேவையில்லை. பையனுடைய தாய்வழி யூ, எக்ஸ் இல்லை. அவனை எக்ஸுக்கு நேர் சாட்சியாகச் சொல்லவில்லை, அந்தப் பாதை திறந்திருந்தது என்பதற்கு அவன் சாட்சி.

இனி கென்னவிக் மனிதர் என்று பெயர் பெற்ற ஒரு ஆற்றங்கரை எலும்புக்கூட்டின் கதை. 1996 ஜூலை கடைசியில் வாஷிங்டன் மாநிலம் கென்னவிக் ஊரில் கொலம்பியா ஆற்றில் வேகப்படகுப் போட்டி. இரண்டு கல்லூரிப் பையன்கள் டிக்கெட் வாங்காமல் பார்க்கலாம் என்று ஆற்றுக்குள் இறங்கி நடக்க, ஒருவன் காலில் மண்டையோடு தட்டுப்பட்டது. முதலில் போலீஸ், அப்புறம் உள்ளூர்த் தொல்லியலாளர் ஜேம்ஸ் சாட்டர்ஸ். முக அமைப்பைப் பார்த்து அவர் முதலில் நினைத்தது யாரோ ஐரோப்பியக் குடியேறி என்று. இடுப்பெலும்பைப் பார்த்தால் உள்ளே ஒரு கல் ஈட்டிமுனை குத்தி நின்று, அதைச் சுற்றி எலும்பே வளர்ந்து மூடியிருந்தது, அதாவது குத்துப்பட்டு அதற்கப்புறமும் ஆண்டுக்கணக்கில் நடமாடியிருக்கிறார். கார்பன் தேதி பார்த்தால் எட்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல். பத்திரிகைகள் விடுமா? அமெரிக்காவில் ஆதிகால வெள்ளையர் என்று தலைப்பு போட்டார்கள். களிமண்ணில் முகம் செய்து பார்த்ததில் ஹாலிவுட் நடிகர் பேட்ரிக் ஸ்டூவர்ட் சாயல் வந்தது, அது வேறு.

கோல்வில், யாக்கமா, உமட்டில்லா, நெஸ் பெர்ஸ், வானபம் ஆகிய ஐந்து மக்கள் கூட்டங்களும் இவர் எங்கள் முன்னோர், திருப்பிக் கொடுங்கள், அடக்கம் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்கு 1990ல் வந்த சட்டமே இருந்தது. எட்டு விஞ்ஞானிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், 2004ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இவருக்கும் இந்தக் கூட்டங்களுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று விஞ்ஞானிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எலும்புகள் சியாட்டிலில் அருங்காட்சியகப் பெட்டியில் இருந்தன. டிஎன்ஏ எடுக்க ஆரம்பத்தில் செய்த முயற்சிகள் தோற்றன, தொழில்நுட்பம் அதற்குத் தயாராக இல்லை.

2015ல் கோபன்ஹேகனிலிருந்து எஸ்கே வில்லர்ஸ்லெவ் குழு கை எலும்பின் ஒரு துணுக்கை, சுமார் 200 மில்லிகிராம், எடுத்துப் படித்தது. இன்றைய மக்களில் அவர் மிக நெருக்கம் அமெரிக்கப் பழங்குடியினரோடுதான். ஐந்து கூட்டங்களில் ஒப்பிட்டுப் பார்க்க டிஎன்ஏ கொடுத்தவர்கள் கோல்வில் மக்கள், அவர்களோடு நல்ல உறவு தெரிந்தது. ஐரோப்பியக் கலப்பு இல்லை. தந்தைவழி, க்யூ என்ற பழங்குடிக் கிளை. தாய்வழி என்னவென்று நினைக்கிறீர்கள்? எக்ஸ்2ஏ!

அதிலும் சாதாரண எக்ஸ்2ஏ இல்லை, கிளையின் அடிவேரில் நிற்கிற வடிவம். இன்றைய எக்ஸ்2ஏக்காரர்களிடம் பிறகு சேர்ந்த கூடுதல் மாற்றங்கள் அவரிடம் இல்லை. இதுவரை கிடைத்ததில் இதுபோல மிகப் பழையது, மிக அடியில் இருப்பது, கண்டத்தின் மேற்கே, பசிபிக்கில் போய் விழுகிற ஆற்றின் கரையில் கிடைத்திருக்கிறது. அட்லாண்டிக் பக்கத்திலிருந்து ஒரு கிளை நுழைந்திருந்தால் வேர் கிழக்கே இருக்க வேண்டும். ஜெனிஃபர் ராஃப், டெபோரா போல்னிக் என்ற இரண்டு மரபியலாளர்கள் அதே ஆண்டு எல்லா ஆதாரத்தையும் ஒரே இடத்தில் வைத்து நிதானமாக அலசி, எக்ஸ்2ஏயை வைத்து அட்லாண்டிக் பயணத்தை நிறுவ முடியாது என்று எழுதினார்கள். என்னைப் பொறுத்தவரை வழக்கு அங்கேயே முடிந்தது. வெள்ளையரின் ஆதாரம் என்று கொண்டாடப்பட்ட மண்டையோடும், ஐரோப்பியரின் ஆதாரம் என்று கொண்டாடப்பட்ட டிஎன்ஏவும் ஒரே உடம்பில் சேர்ந்து வந்து, இரண்டுமே பழங்குடியினருடையது என்று சொல்லிவிட்டுப் போனதை யாராவது கதையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை என் கட்சிக்கும் சேர்த்து. 2009ல் வந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. டி4எச்3ஏ என்ற அரிய கிளை பசிபிக் கரையோரமாகச் சிலி வரை இறங்குகிறது, எக்ஸ்2ஏ மகா ஏரிகள் பக்கம் குவிந்திருக்கிறது, ஆகவே பெரிங்கியாவிலிருந்து இரண்டு பாதை, ஒன்று கடற்கரை, ஒன்று பனிப்பாறைகளுக்கு நடுவே உள்நாட்டு வழி. வரைபடத்தில் போட்டால் அவ்வளவு சுத்தமாக இருக்கும். அப்புறம் என்ன ஆனது? 2014ல் மான்டானாவில் குளோவிஸ் ஆயுதங்களோடு புதைத்த ஆன்சிக் குழந்தையின் டிஎன்ஏ வந்தது, 12,600 ஆண்டுக்கு மேல் பழையது, தாய்வழி டி4எச்3ஏ. "கடற்கரைக் கிளை" மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் உள்நாட்டில்! மறு ஆண்டே "உள்நாட்டுக் கிளை" பசிபிக் பக்கத்து ஆற்றில். இன்று ஒரு கிளை எங்கே இருக்கிறது என்பதை வைத்து பதினையாயிரம் ஆண்டுக்கு முன் எப்படி நடந்தார்கள் என்று கோடு போடுவது எவ்வளவு ஆபத்து என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுவில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று யோசியுங்கள். 2016ல் தென் அமெரிக்காவின் பழைய எலும்புகள், மம்மிகளிலிருந்து 92 தாய்வழித் தொகுதிகளைப் படித்தார்கள், அந்தக் குறிப்பிட்ட வடிவங்களில் ஒன்றுகூட இன்று உயிரோடு இருப்பவர்களின் தரவில் கிடைக்கவில்லை. அம்மையும் போரும் அடிமைத்தனமும் 1492க்குப் பிறகு என்ன செய்தன என்பதை இதைவிட நேராகச் சொல்கிற எண் எனக்குத் தெரியாது.

துணைக் கேள்விக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர் இருந்தார். அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு கதை, கொள்ளுப்பாட்டி செரோக்கி என்ற பழங்குடியைச் சேர்ந்தவர் என்று. (அந்த நாட்டில் பாதி வீடுகளில் இந்தக் கதை உண்டு, பாட்டி எப்போதுமே செரோக்கிதான், பெரும்பாலும் இளவரசி.) பரிசோதனை செய்தார், எக்ஸ் என்று வந்தது. ஒரே ஆட்டம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். எழுத்து எழுத்தாக உள்ள கோப்பைத் திறங்கள் என்றேன். 16189, 16223, 16278 ஆகிய மூன்று இடத்திலும் மாற்றம் இருந்தது, அது எக்ஸ் குடும்பத்தின் வழக்கமான முகம். பிறகு 16213ஐத் தேடினோம். அந்த இடத்தில் குவானின் என்ற எழுத்து போய் அடினின் என்ற எழுத்து வந்திருந்தால் எக்ஸ்2ஏயாக இருக்க நல்ல வாய்ப்பு, அது அந்தக் கிளையின் அடையாளங்களில் ஒன்று. அவருக்கு மாறவில்லை, குவானின் அப்படியே உட்கார்ந்திருந்தது. முழுத் தொகுதியும் படித்து வந்தபோது எக்ஸ்2பி, ஐரோப்பாவில் எங்கும் கிடைப்பது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் எக்ஸ் 7 சதவீதம், ஜார்ஜியாவில் 8, இஸ்ரேலின் துரூஸ் மக்களிடம் அதைவிட அதிகம். உலகத்தில் எக்ஸ் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கும் அமெரிக்காவுக்கும் சம்பந்தமே இல்லை. பாவம், அன்று அவர் காபி குடிக்க வரவில்லை. அவருடைய கொள்ளுப்பாட்டி கதை பொய் என்று இதனால் ஆகிவிடாது என்பதையும் சொன்னேன், அப்பா வழியில் ஒரு செரோக்கிப் பாட்டி இருந்தால் இந்தச் சீட்டில் தெரியவே தெரியாது. ஆறுதல் ஆனாரா என்று தெரியவில்லை.

எழுத்து மட்டும் பார்த்து ஏமாறுவது எதிர்த்திசையிலும் நடக்கும். 2010ல் ஐஸ்லாந்தில் சில குடும்பங்களிடம் சி1 கிடைத்தது. சி1 என்றால் அமெரிக்கா, ஆக வைக்கிங்குகள் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு பழங்குடிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று உலகம் முழுக்கச் செய்தி. உட்பிரிவு சி1ஈ, அமெரிக்காவில் யாரிடமும் இல்லை. பிறகு ரஷ்யாவின் வடமேற்கில் 7,500 ஆண்டுப் பழைய கல்லறையில் சி1எஃப் என்ற இன்னொரு சகோதரி கிடைத்ததும், அந்த ஐஸ்லாந்து இழை ஐரோப்பாவின் வடக்கிலிருந்தே வந்திருக்கலாம் என்று கதை சுருங்கிப்போனது. உட்பிரிவைப் படிக்காமல் பத்திரம் எழுதாதே என்பார்களே, அது இங்கேயும் பொருந்தும். (சியும் டியும் எம் என்ற பெருங்கிளையின் உட்பிரிவுகள், தென்னிந்தியாவில் மிக அதிகமாக இருப்பதும் எம்தான். அதை வைத்து மாயன்கள் தமிழர்கள் என்று கிளம்ப வேண்டாம், அந்தப் பொதுப் பாட்டி ஐம்பதாயிரம் ஆண்டு அளவில் பின்னால் இருக்கிறாள், அவளுக்குத் தமிழும் தெரியாது மாயனும் தெரியாது.)

எக்ஸ்2ஏ நிஜமாகவே வந்தால்கூட ஒருவர் எந்தக் கூட்டத்தையும் சேர்ந்தவர் ஆகிவிட மாட்டார். செரோக்கி தேசத்தில் குடியுரிமை வேண்டுமென்றால் நூறு ஆண்டுக்கு மேலாக இருக்கிற பெயர்ப் பதிவேட்டில் உங்கள் முன்னோர் பெயர் இருக்க வேண்டும். 2018ல் அமெரிக்கச் செனட்டர் எலிசபெத் வாரன் தனக்குப் பழங்குடி மூதாதை உண்டு என்று காட்ட டிஎன்ஏ முடிவை வெளியிட்டபோது செரோக்கி தேசம் கோபப்பட்டதும் இதற்குத்தான், யார் எங்கள் ஆள் என்று சொல்ல வேண்டியது நாங்கள், ஆய்வுக்கூடம் இல்லை என்றார்கள்.

கடைசியாக, கேட்டவர் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தார், பழங்குடியினர் ஏன் டிஎன்ஏ கொடுக்க மறுக்கிறார்கள், உண்மை வெளியே வந்துவிடும் என்ற பயமா என்று. இது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழ்கிற ஹவாசுபாய் மக்கள் மிகச் சிறிய கூட்டம், சர்க்கரை நோய் அவர்களை வாட்டியது. 1990லிருந்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குச் சர்க்கரை நோய் ஆராய்ச்சி என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை மனநோய் ஆய்வுக்கும், உறவுக்குள் திருமணம் பற்றிய ஆய்வுக்கும், அவர்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்ற இடப்பெயர்வு ஆய்வுக்கும் பயன்படுத்தியது பிறகு தெரியவந்தது. தாங்கள் தோன்றியதே அந்தப் பள்ளத்தாக்கில்தான் என்பது அவர்கள் நம்பிக்கை, அந்த இடத்தின் மீதான உரிமையும் அதோடு பிணைந்தது. 2004ல் வழக்குப் போட்டார்கள், 2010ல் ஏழு லட்சம் டாலரும் மீதமிருந்த ரத்தமும் திரும்ப வந்தது. நவஹோ தேசம் 2002லேயே தன் மண்ணில் மரபணு ஆராய்ச்சிக்குத் தடை போட்டுவிட்டது. அதே சமயம் கோல்வில் மக்கள் ஆற்றங்கரை மூத்தவருக்காக டிஎன்ஏ கொடுத்தார்கள், அதனால்தான் 2016 டிசம்பரில் சட்டம் வந்து, 2017 பிப்ரவரியில் ஐந்து கூட்டத்திலிருந்தும் இருநூறு பேருக்கு மேல் கூடி அவரை மண்ணில் வைக்க முடிந்தது. இடத்தை வெளியே சொல்லவில்லை.

நான் மேலே கொடுத்த சதவீதங்களை எங்காவது எடுத்துப் போடுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நவஹோ 7 என்பது அந்தத் தடைக்கு முன்னால் எடுத்த ரத்தம், ஓஜிப்வே 25 என்பதும் 90களில் சில ஊர்களில் எடுத்த சிறிய மாதிரி. புதுக் கணக்கு வேண்டும் என்றால் அவர்கள் வீட்டு வாசலில் போய்க் கேட்க வேண்டும், கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம்.